ஓரியோடான்ட் மண்டையோடு வாங்குகிறீர்களா? முதலில் சீட்டைக் கேளுங்கள்

கேள்வி இது: "அழிந்துபோன குளம்பு விலங்குகளின் மண்டையோடுகளைச் சேகரிக்க ஆசை. முதலாவதாக ஓர் ஓரியோடான்ட் மண்டையோட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். படத்தில் பல்லெல்லாம் முழுசாக, அழகாக இருக்கிறது. அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சட்டச் சிக்கல் வருமா? வாங்கியபின் எப்படி வைத்துக்கொள்வது?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். இந்தச் சேகரிப்பைத் தொடங்க ஓரியோடான்டைவிடப் பொருத்தமான விலங்கு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் "பல்லெல்லாம் முழுசாக, அழகாக" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் நசுங்கிக் கிடந்த ஒரு தலை அப்படி முழுசாக வெளியே வருவது அபூர்வம். அதனால் விற்பவரிடம் முதலில் சீட்டைக் கேளுங்கள். எந்த மாநிலம், எந்த மாவட்டம், எந்தப் பாறை அடுக்கு, யாருடைய நிலம், நிலத்துக்காரர் சம்மதித்தாரா, எந்த ஆண்டு எடுத்தது என்று எழுதிய சீட்டு. அது இருந்தால் மூக்கு உடைந்த மண்டையோட்டையும் நான் வாங்குவேன். இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

சரி, ஓரியோடான்ட் என்றால் என்ன? வட அமெரிக்காவில் மட்டுமே வாழ்ந்து, மயோசீன் என்ற நிலவியல் காலம் (சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) முடிவதற்குள் அடியோடு மறைந்துபோன ஒரு குளம்பு விலங்குக் குடும்பம். இன்று அதற்கு நேரடி வாரிசு கிடையாது. ஒரு செம்மறி ஆட்டின் பருமன், குட்டையான கால்கள், உடம்புக்குக் கொஞ்சம் பெரிய தலை. பல்லைப் பார்த்தால் ஆடுமாடுகளைப் போல அசைபோடும் விலங்கு என்று தோன்றும், உடலைப் பார்த்தால் பன்றி என்று தோன்றும். பிலடெல்பியாவின் தொல்லுயிரியலாளர் ஜோசப் லெய்டி இதை "அசைபோடும் பன்றி" என்றே வர்ணித்தார். மெரிகோய்டோடான் கல்பர்ட்சோனி என்று 1848இல் பெயர் வைத்தவரும் அவர்தான். இப்போது ஒட்டகக் கிளைக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் அதிகம், ஆனால் அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. சந்தையில் நீங்கள் பார்க்கும் ஓரியோடான்ட் மண்டையோடுகளில் பெரும்பாலானவை இந்த மெரிகோய்டோடான்தான். நீளம் ஏறக்குறைய ஒரு சாண்.

எல்லாம் வருவது ஒரே இடத்திலிருந்து என்று சொல்லலாம்: தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா, வயோமிங், கொலராடோ பகுதிகளில் வெளியே தெரியும் ஒயிட் ரிவர் பாறைத்தொகுதி. அதன் கீழ்ப்பகுதி சாட்ரன் அடுக்கு, சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த இயோசீன் காலத்தின் கடைசிப் பகுதி. மேலே புரூல் அடுக்கு, அதற்கு அடுத்து வந்த ஒலிகோசீன் காலம். மேற்கே பெரிய எரிமலைகள் வெடித்தபோதெல்லாம் காற்று சாம்பலைக் கொண்டுவந்து இந்தச் சமவெளிகளில் கொட்டியது. ஆறுகள் அதை வண்டலோடு சேர்த்துப் பரப்பின. செத்த விலங்குகள் சீக்கிரமே மூடப்பட்டுவிட்டன. அதனால்தான் இவ்வளவு எலும்பு. புரூல் அடுக்கின் கீழ்ப்பகுதியை அந்தக் காலத்து ஆய்வாளர்கள் "ஆமை-ஓரியோடான் அடுக்கு" என்றே அழைத்தார்கள், அந்த அளவுக்கு இந்த இரண்டும் அங்கே குவிந்து கிடந்தன. உங்கள் மண்டையோடு அங்கிருந்து வந்தது என்றால் அதன் வயது 3.2, 3.3 கோடி ஆண்டு அளவில் இருக்கும்.

இந்த இடத்தின் கதை தொடங்கியதும் ஒரு குளம்பு விலங்கின் தாடையிலிருந்துதான். செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர் ஹிராம் பிரௌட் 1846இல் ஒரு பெரிய தாடைத்துண்டைப் பற்றி எழுதினார். அது பிரான்டோதீர் என்னும் காண்டாமிருகம் போன்ற பெருவிலங்கினுடையது. அடுத்த ஆண்டே லெய்டி பொயப்ரோதீரியம் என்ற ஆட்டளவு ஒட்டகத்தை விவரித்தார். அதன்பின் பெட்டி பெட்டியாக எலும்புகள் கிழக்கே போயின. 1869இல் லெய்டி டகோட்டா, நெப்ராஸ்கா பாலூட்டிகளைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதிவிட்டார். இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் வாங்கப்போகும் தலை 170 ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியல் தோண்டிவரும் ஒரு நிலத்திலிருந்து வருகிறது. அதனால்தான் சீட்டு கேட்பது நியாயமான கோரிக்கை. முறையாக எடுத்தவரிடம் அந்த விவரம் இல்லாமல் போகாது.

இனி மண்டையோட்டைக் கையில் எடுப்போம். என் மேசைக்கு மேலே உள்ள தட்டில் ஒன்று இருக்கிறது. எலும்பு பால் காய்ச்சிய பாத்திரத்தின் ஆடை நிறம், பல் கருங்காப்பி நிறம். இடது கன்ன வளைவு இல்லை. கண்குழிக்குள் சாம்பல் நிற மண்ணை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். எலும்பைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். கண்ணுக்கு முன்னால், கன்னத்தில், கட்டைவிரல் நுனி உட்காரும் அளவு ஒரு குழி இருக்கிறது. இன்றைய மான்களுக்கு அந்த இடத்தில் வாசனைச் சுரப்பி உண்டு. இதற்கும் அப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்று நினைக்கிறார்கள். கண்குழியின் பின்பக்கம் எலும்புச் சட்டம் முழுசாக மூடியிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் கண்ணுக்கு ஒரு வளையம் கட்டியதுபோல் தெரியும்.

இப்போது பல். ஓரியோடான்டுக்கு மொத்தம் 44 பல். ஒவ்வொரு பக்கமும் மேலே 11, கீழே 11: வெட்டுப்பல் மூன்று, கோரைப்பல் ஒன்று, முன்கடைவாய் நான்கு, கடைவாய் மூன்று. எண்ணிப் பாருங்கள். எண்ணும்போது கீழ்த்தாடையில் ஒரு விசித்திரம் கண்ணில் படும். கோரைப்பல் போலக் கூராக நீட்டிக்கொண்டு நிற்பது உண்மையில் கோரைப்பல்லே அல்ல, முதல் முன்கடைவாய்ப்பல். அசல் கோரைப்பல் வெட்டுப்பல்லின் வடிவத்துக்கு மாறி அவற்றோடு வரிசையில் நின்றுவிட்டது. அதனால் முன்னால் பக்கத்துக்கு நான்கு வெட்டுப்பல் இருப்பதுபோல் தோன்றும். நாயிலோ பன்றியிலோ வாயை மூடினால் கீழ்க் கோரைப்பல் மேல் கோரைப்பல்லுக்கு முன்னால் வந்து உட்காரும். ஓரியோடான்டில் அந்தப் போலிக் கோரைப்பல் மேல் கோரைப்பல்லுக்குப் பின்னால் உட்காரும். இரண்டும் உரசிய தடம் பல்லின் முகத்திலேயே பளபளப்பாகத் தெரியும். எனக்கு இந்த விலங்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். உடைந்த பாகத்தை யாராவது கையால் செய்து ஒட்டியிருந்தால் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தவறுவார்கள். தெரியாமல் முன்னால் வைத்துவிடுவார்கள்.

கடைவாய்ப்பல்லை மேலிருந்து பார்த்தால் பிறைநிலாக்களை அடுக்கியதுபோல் இருக்கும், மேல் கடைவாய் ஒவ்வொன்றிலும் நான்கு பிறை. முதல் கடைவாய்ப்பல் முதலில் முளைக்கும், மூன்றாவது கடைசியில். அதனால் ஒரே வரிசையில் தேய்மானம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகவேண்டும். என்னிடம் இருப்பதில் முதல் கடைவாய் தேய்ந்து கிண்ணம்போல் ஆகிவிட்டது. இரண்டாவதில் பிறை மங்கலாகத் தெரிகிறது. மூன்றாவதில் பிறைகள் இன்னும் விரலில் குத்துகின்றன. நடுவயதைத் தாண்டிய, ஆனால் கிழடாகாத ஒரு விலங்கு. குட்டியின் தாடை என்றால் கீழ்வரிசையின் நடுவில் மூன்று மடல் கொண்ட ஒரு பால்பல் இருக்கும். பலர் அதைக் கடைசிக் கடைவாய் என்று தப்பாக எண்ணிவிடுவார்கள், அதற்கும் மூன்று மடல் உண்டு என்பதால். அந்தப் பால்பல்லுக்குப் பின்னால் இன்னும் பல் இருக்கிறதா, முளைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்தத் தேய்மானக் கணக்கை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் வாங்கிய மண்டையோடு மேலும் கீழும் தாடை சேர்ந்த, குறை சொல்ல முடியாத உருப்படியாகத் தெரிந்தது. வந்து சேர்ந்த அன்று இரவு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மேல் கடைவாய் மூன்றும் புத்தம் புதுசு. கீழ் கடைவாயோ எலும்பு மட்டம்வரை தேய்ந்து வழவழப்பாகக் கிடந்தது. ஒரே வாயில் மென்ற பல் அப்படித் தேய முடியாது. கீழ்த்தாடை வேறொரு கிழட்டு விலங்கினுடையது. பிறகு மூக்கு நுனியில் அசிட்டோன் நனைத்த பஞ்சால் லேசாகத் துடைத்தேன். பஞ்சில் பழுப்புப் பெயின்ட் ஒட்டிக்கொண்டது. அடியில் வெள்ளைப் புட்டி, அதாவது விரிசல் அடைக்கும் பசைமாவு. மூக்கும் முன்பற்களும் முழுக்கக் கைவேலை. விற்றவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது யாரிடம் வாங்கினாலும் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்கிறேன்: எந்தெந்தப் பாகம் சரிசெய்யப்பட்டது? கீழ்த்தாடை இதே விலங்கினுடையதா, அதே இடத்தில் சேர்ந்து கிடந்ததா?

சரிசெய்வது குற்றம் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். அருங்காட்சியகத்தில் நிற்கும் எலும்புக்கூடுகளிலும் ஒட்டுவேலை உண்டு. கன்ன வளைவு மெல்லியது, மூக்கெலும்பின் நுனி அதைவிட மெல்லியது, முன்பற்கள் சின்னவை. இவை மூன்றும் உடைவதும் தொலைவதும் இயல்பு. சரிசெய்ததை மறைப்பதுதான் தப்பு. கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. கைலென்ஸில் அசல் எலும்பின் மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்குத் தொடர்ந்து ஓடுவது தெரியும். புட்டி வந்த இடத்தில் அந்த ஓட்டம் சட்டென்று நின்றுவிடும். வார்த்தெடுத்த பிசினில் ஊசிமுனைக் காற்றுக்குமிழிகள் இருக்கும். இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்தால் புட்டியும் பெயின்டும் எலும்பிலிருந்து வேறுபட்டுத் தெரியும். ஆனால் ஒரு எச்சரிக்கை. எலும்பை உறுதிப்படுத்தப் பூசிய பிசினும் ஒளிரக்கூடும். மண்டையோடு முழுக்க ஒரே சீராக ஒளிர்ந்தால் அதைப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். திட்டுத்திட்டாக மாறுகிறதா என்று பாருங்கள். அசிட்டோன் சோதனையை உங்களுக்குச் சொந்தமான பொருளில் மட்டும், ஓர் ஓரத்தில் மட்டும் செய்யுங்கள். நல்ல ஒட்டுப்பசையையும் அது கரைத்துவிடும்.

அப்புறம், கொஞ்சம் நசுங்கிய மண்டையோட்டைப் பார்த்து ஒதுக்காதீர்கள். மேலிருந்து அழுத்தம் பட்டால் தலை தட்டையாகி அகலமாகும், பக்கவாட்டில் பட்டால் ஒடுங்கி உயரமாகும். மண் செய்த வேலை இது. இதைப் புரிந்துகொள்ளாததால் அறிவியலே பல ஆண்டுகள் தடுமாறியது. பெர்ட்ரண்ட் ஷுல்ஸும் சார்லஸ் ஃபால்கன்பாக்கும் 1940 முதல் 1968 வரை ஓரியோடான்டுகளைப் பற்றி ஆய்வு மேல் ஆய்வாக வெளியிட்டு, ஏராளமான இனங்களுக்கும் பேரினங்களுக்கும் பெயர் வைத்தார்கள். அவற்றில் பல, ஒரே விலங்கு வெவ்வேறு விதமாக நசுங்கியதன் விளைவு. அகலத்தலை ஒரு பேரினம், ஒடுங்குதலை இன்னொரு பேரினம் என்று ஆகிவிட்டது. 1996இல் ஸ்டீவன்ஸ் தம்பதி அந்தப் பட்டியலைப் பெருமளவு வெட்டிச் சுருக்கினார்கள். பிரான்டோதீருக்கும் இதே கதைதான். 1929இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன் மிகப் பெரிய ஆய்வுநூல் எழுதிப் பல பெயர்களை அங்கீகரித்தார். கொம்பின் நீளமும் வளைவும் ஒவ்வொரு விலங்குக்கும் மாறும் என்று ஒத்துக்கொண்டபிறகு அவற்றில் பல மெகசெராப்ஸ் என்ற ஒரே பெயருக்குள் போய்விட்டன. அதனால் விற்பனைச் சீட்டில் பழைய பெயர் இருந்தால் பதறவேண்டாம். சிலர் இன்னும் "ஓரியோடான்" என்றே எழுதுவார்கள், அதுவும் லெய்டி வைத்த பெயர்தான். பெயரைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். எடுத்த இடமும் அடுக்கும் தொலைந்தால் யாராலும் மீட்க முடியாது. ஓரியோடான்ட் இனங்களைப் பிரிப்பதில் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது பாதி விடை.

பெயரில் தப்பு நடப்பது யாருக்கும் சகஜம் என்பதற்கு தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1993இல் பூங்காவுக்கு வந்த இருவர் பெரிய எலும்புகள் தெரிவதைக் கண்டு அதிகாரிகளிடம் சொன்னார்கள். ஆர்கியோதீரியம் என்ற பன்றி போன்ற விலங்கு என்று முதலில் நினைத்து, அந்த இடத்துக்குப் "பெரும்பன்றித் தோண்டல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தோண்டத் தோண்டத்தான் அது சப்ஹைராகோடான் என்ற கொம்பில்லாத காண்டாமிருகம் என்று தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 2008 வரை தோண்டி 19,000க்கும் மேற்பட்ட எலும்புகளை எடுத்தார்கள். வறண்டுகொண்டிருந்த ஒரு நீர்க்குட்டையில் சிக்கிய விலங்குகள். அந்த இருவர் கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் ஒரு முதுகெலும்பு அவர்கள் வீட்டு அலமாரியில் இருந்திருக்கும், நீர்க்குட்டை யாருக்கும் தெரிந்திருக்காது.

இங்கிருந்து சட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைக்கும் புதைபடிவம் நிலத்துக்காரருக்குச் சொந்தம். அவர் விற்கலாம், நீங்கள் வாங்கலாம். சந்தைக்கு நேர்மையாக வருபவை இப்படித்தான் வருகின்றன. கூட்டாட்சி அரசின் நிலத்தில் முதுகெலும்புள்ள விலங்கின் எலும்பை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. அனுமதியும் தகுதியுள்ள ஆய்வாளர்களுக்குத்தான் கிடைக்கும். அப்படி எடுத்தது பொதுச்சொத்தாக ஒரு காப்பகத்தில்தான் இருக்கவேண்டும், விற்க முடியாது. 2009இல் வந்த தொல்லுயிர் வளப் பாதுகாப்புச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. பழங்குடி நிலங்கள் தனி. பைன் ரிட்ஜ் போன்ற இடங்களில் லகோட்டா மக்களின் அனுமதி இல்லாமல் எடுப்பது திருட்டு. பிரான்டோதீர் என்ற பெயருக்கே "இடிவிலங்கு" என்று பொருள். மழைக்குப்பின் மண்ணிலிருந்து வெளியே வந்த அந்தப் பெரிய எலும்புகளைப் பற்றி அந்த மக்கள் சொல்லிவந்த கதையிலிருந்து எடுத்ததாகவே அந்தப் பெயரைச் சொல்வார்கள்.

சிக்கல் என்னவென்றால் ஒயிட் ரிவர் பகுதியில் இந்த மூன்று வகை நிலமும் சதுரங்கக் கட்டம்போல் கலந்து கிடக்கிறது. அரசுக்குச் சொந்தமான தேசியப் புல்வெளிக்கு நடுவே தனியார் பண்ணை இருக்கும். வேலி போட்ட இடம்தான் எல்லை என்று சொல்லவும் முடியாது. நிலத்தின் நிலைமையைச் சரியாகப் பார்க்காததால் என்ன ஆகும் என்பதற்கு "சூ" என்ற டைரனோசரைவிடப் பெரிய பாடம் இல்லை. 1990இல் தெற்கு டகோட்டாவில் கண்டெடுத்தார்கள். நிலத்துக்காரருக்குக் காசும் கொடுத்தார்கள். ஆனால் அந்த நிலம் அரசின் பொறுப்பில் வைக்கப்பட்டிருந்த பழங்குடி நிலம். 1992இல் அரசு அதைக் கைப்பற்றியது, வழக்கு நடந்தது, 1997இல் ஏலத்தில் சுமார் 83 லட்சம் டாலருக்குச் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதனால் "தனியார் நிலம்" என்று வாய்ச்சொல் போதாது. நிலத்துக்காரர் கையெழுத்திட்ட கடிதத்தின் நகல் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சீனாவிலிருந்து வரும் மண்டையோடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேடும்போது கட்டாயம் கண்ணில் படும். கான்சூ மாகாணத்தின் லின்சியா படுகையில் மயோசீன் காலத்து ஹிப்பேரியன் குதிரை, கைலோதீரியம் காண்டாமிருகம் இரண்டும் அள்ள அள்ள வரும். தலை பெரியது, பார்க்க அற்புதமாக இருக்கும். என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். சீனாவில் புதைபடிவங்களை அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோவது சட்டவிரோதம். 2011 முதல் விதிகள் இன்னும் கடுமை. போதாக்குறைக்கு, மூன்று நான்கு விலங்குகளின் துண்டுகளை அரைத்த எலும்புத்தூளும் பசையும் வைத்து ஒன்றாக்கி மேலே மண் பூசிவிடும் வேலை அங்கிருந்து வருபவற்றில் அதிகம். மங்கோலியாவிலும் புதைபடிவம் அரசுச் சொத்து. அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் அப்படியே. பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று சொன்னால், எந்தச் சேகரிப்பு, எந்த ஆண்டு வெளியே வந்தது என்ற காகிதம் வேண்டும். உங்கள் நாட்டுச் சுங்க விதி என்ன என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி சுங்கத்தில் நின்றபிறகு கேட்டுப் பயனில்லை.

முதல் மண்டையோட்டுக்குப் பிறகு எந்தப் பக்கம் போகலாம்? நான் சொல்வது, அதே அடுக்குக்குள்ளேயே இருங்கள். லெப்டோமெரிக்ஸ் என்ற முயலைவிடச் சற்றே பெரிய, மான் போன்ற விலங்கின் தலை உள்ளங்கையில் அடங்கும். கீழ்த்தாடை மட்டும் என்றால் எளிதில் கிடைக்கும். மூன்று விரல் குதிரை மீசோஹிப்பஸ், குட்டி ஒட்டகம் பொயப்ரோதீரியம் இரண்டும் ஓரியோடான்டைவிட அரிது, ஒட்டுவேலையும் அதிகம். புரூல் அடுக்கின் மேற்பகுதியில் லெப்டோகீனியா என்ற சின்ன ஓரியோடான்ட் வரும். கண்ணும் காதும் தலையின் உச்சியில் இருக்கும், கடைவாய்ப்பல் உயரமாக இருக்கும். மெரிகோய்டோடான் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள், ஒரே குடும்பம் என்று நம்பவே கொஞ்ச நேரம் ஆகும். ஆர்கியோதீரியத்தின் அரை மீட்டர் தலையும் பிரான்டோதீரின் தலையும் வீட்டில் வைப்பதற்கல்ல என்பது என் கருத்து. நல்ல வார்ப்பு நகல் வாங்குங்கள், அல்லது அருங்காட்சியகத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். ஃபால்கனர், காட்லி என்ற இரு ஆய்வாளர்கள் இமயத்தை ஒட்டிய சிவாலிக் மலையடிவாரத்தில் கண்டெடுத்து 1836இல் விவரித்த சிவதீரியமும் அப்படித்தான். ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தில் பெருத்த உடலும் விசிறிபோல் விரிந்த கொம்பும் கொண்ட விலங்கு. அதன் தலையைச் சொந்தமாக்கிக்கொள்ள ஆசைப்படக்கூடாது, போய்ப் பார்க்க ஆசைப்படவேண்டும்.

ஒரு சின்ன யோசனை. மூளைவார்ப்பு என்று விற்பார்கள். மண்டைக்குள் நுழைந்த சேறு கல்லாகி, மேலே எலும்பு உதிர்ந்துபோனபின் மூளையின் வடிவத்திலேயே நிற்கும் கல். ஓரியோடான்டில் இது அவ்வளவு அரிதல்ல. மடிப்புகளும் முன்னால் மோப்ப முனைகளும் தெரியும். உடைந்த மண்டையோடு என்று ஒதுக்கப்பட்டவற்றில்தான் இது கிடைக்கும். இரண்டாவது உருப்படியாக நான் இதைத்தான் சொல்வேன்.

வந்து சேர்ந்தபின் என்ன செய்வது? முதலில், தண்ணீரில் கழுவாதீர்கள். இந்த மண்ணில் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்த களிமண் இருக்கிறது. நீர் பட்டால் ஊதும், ஊதினால் எலும்பைத் துண்டு துண்டாகத் தள்ளிவிடும். மென்மையான தூரிகை போதும். கடினமான மண்ணை எடுக்க ஆய்வகங்களில் காற்றழுத்தத்தில் துடிக்கும் சிற்றுளியும், சமையல் சோடாத் தூளைக் காற்றோடு பீய்ச்சும் கருவியும் வைத்திருப்பார்கள். அதெல்லாம் கற்றுக்கொண்டு, பயனற்ற எலும்புத் துண்டுகளில் மாதக்கணக்காகப் பழகியபிறகு தொடவேண்டிய வேலை. நான் அவசரப்பட்டு ஊசியால் குத்தி எடுத்த இடத்தில், கண்குழி ஓரத்தில், ஒரு வெள்ளைக் கீறல் இன்றும் இருக்கிறது.

எலும்பு உதிர்ந்தால் பேரலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடலாம். உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிற்காலத்தில் யாராவது எடுக்க நினைத்தால் அசிட்டோனிலேயே கரைந்து வந்துவிடும். நாம் செய்வதைப் பின்னால் வருகிறவர் திருப்பி எடுக்க முடியவேண்டும். அதனால்தான் வார்னிஷ், மரப்பசை, கண்ட கண்ட பளபளப்பு எண்ணெய் எல்லாம் கூடாது. அசிட்டோன் தீப்பற்றும், ஆவி மூச்சுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். மண்டையோட்டைக் கன்ன வளைவைப் பிடித்தோ கோரைப்பல்லைப் பிடித்தோ ஒருபோதும் தூக்காதீர்கள். இரண்டு கையையும் அண்ணத்தின் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். நுரை அட்டையில் அதன் வடிவத்துக்குக் குழி வெட்டி உட்காரவைத்தால் பல்லின் மேல் எடை விழாது. வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், ஒட்டுப்பசை இளகிவிடும்.

சீட்டை மண்டையோட்டோடு மட்டும் வைக்காதீர்கள், பிரிந்துவிடும். வெளியே தெரியாத ஓர் இடத்தில், பிடரிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பி-72ஐக் கொஞ்சம் கெட்டியாக ஒரு கோடு பூசுங்கள். காய்ந்ததும் அதன்மேல் மெல்லிய பேனாவால் ஓர் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. அதே எண்ணில் ஒரு நோட்டில் விவரம்: இடம், அடுக்கு, நிலம், எடுத்தவர், எந்தப் பாகம் சரிசெய்தது, நீங்கள் எப்போது என்ன பூசினீர்கள். என்னை ஏமாற்றிய அந்த முதல் மண்டையோட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. "கீழ்த்தாடை வேறு விலங்கு, மூக்கு புட்டி, இடம் தெரியாது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நேரில் அந்தப் பகுதிக்குப் போகும் வாய்ப்பு வந்தால், எலும்பு தெரிந்த இடத்தில் கைவைக்காமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பூங்கா அதிகாரியிடம் சொல்லுங்கள். 2010இல் பேட்லேண்ட்ஸ் பூங்காவின் பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு வாள்பல் வேட்டைவிலங்கின் மண்டையோட்டைக் கண்டுபிடித்துச் சொன்னாள். நெப்ராஸ்காவின் ஆஷ்ஃபால் புதைபடிவப் பூங்கா உருவானதும் இப்படித்தான். 1971இல் மைக்கேல் வூர்ஹீஸ் என்ற தொல்லுயிரியலாளர் ஓர் ஓடையோரத்தில் குட்டிக் காண்டாமிருகத்தின் தலை ஒன்று எட்டிப்பார்ப்பதைக் கண்டார். தலையோடு நிற்காமல் பின்னால் தோண்டியதால், எரிமலைச் சாம்பலை மூச்சில் இழுத்துச் செத்த ஒரு மந்தையே அப்படி அப்படியே படுத்த நிலையில் கிடைத்தது.

உங்கள் மண்டையோட்டுக்கு வருகிறேன். விற்பவருக்கு இன்று ஒரு கடிதம் எழுதுங்கள். சீட்டும் நிலத்துக்காரர் கடிதமும் கேளுங்கள். சரிசெய்த பாகங்களைக் கேளுங்கள், மண்ணிலிருந்து எடுத்தபோது பிடித்த படம் இருந்தால் அதையும். அப்புறம் இரண்டு படம்: மேல்தாடையைக் கவிழ்த்து அண்ணமும் பல்வரிசையும் நேராகத் தெரியும்படி ஒன்று, கீழ்த்தாடையை மேலிருந்து ஒன்று. அந்த இரண்டு படமும் வந்தால் இங்கேயே போடுங்கள். முதல் கடைவாயிலிருந்து மூன்றாவதுவரை தேய்மானம் மேலும் கீழும் ஒத்துப்போகிறதா என்று பல்லுக்குப் பல் பார்த்துச் சொல்கிறேன்.